அமெரிக்காவில் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றம், மாநில நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு மன்றமா? எவ்வகை வழக்குகள் அங்கே செல்லும்?

இல்லை. இந்தியாவில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் வழக்கு ஒரே நீதிமன்ற வரிசையில்தான் மேலேறுகிறது என்பதால், நம்மவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. அமெரிக்காவில் இரண்டு வரிசைகள் அருகருகே இயங்குகின்றன. டெக்சாஸ் மாநில நீதிமன்றத்தில் தோற்றவர், அதே ஊரிலுள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய இயலாது. மாநில வரிசையிலேயே இறுதிவரை சென்ற பிறகு, ஃபெடரல் சட்டமோ அரசியலமைப்போ சார்ந்த கேள்வி வழக்கில் இருந்தால் மட்டுமே வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றத்தை அணுகலாம். அங்கும் ஒன்பது நீதிபதிகளில் நால்வர் இசைந்தால்தான் மனு ஏற்கப்படும்.

ஃபெடரல் வரிசையில் 94 மாவட்ட நீதிமன்றங்களும் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் உள்ளன. உரிமையியல் வழக்கைத் தாக்கல் செய்யும்போது இணைக்கும் முகப்புப் படிவத்தைப் பார்த்தாலே இவற்றின் அதிகார எல்லை விளங்கிவிடும். அதிலுள்ள நான்கு கட்டங்களில் ஒன்றில் குறியிட வேண்டும்: அமெரிக்க அரசு வாதி, அமெரிக்க அரசு பிரதிவாதி, ஃபெடரல் சட்டம் பற்றிய வழக்கு, வெவ்வேறு மாநிலத்தவருக்கு இடையிலான வழக்கு. விசா மனுவைக் காரணமின்றி இழுத்தடிக்கும் குடிவரவுத் துறைக்கு எதிராக நம்மவர்கள் தொடுக்கும் வழக்குகள் இரண்டாம் கட்டத்தில் அடங்கும். காப்புரிமை, பதிப்புரிமை, திவால் வழக்குகளும் ஃபெடரல் குற்ற வழக்குகளும் இந்த நீதிமன்றங்களுக்கே உரியவை.

நான்காவது கட்டம்தான் சிக்கலானது. வாதிகளில் எவரும் பிரதிவாதிகளில் எவருடனும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது. கோரும் தொகையும் 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் வெளிநாட்டவர் என்ற முறையில் அமெரிக்கக் குடிமகன்மீது இவ்வழியில் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் கிரீன் கார்டு பெற்றவர் எதிராளி வாழும் அதே மாநிலத்தில் நிலையாக வாழ்ந்தால் முடியாது. இத்தகைய வழக்குகளில் ஃபெடரல் நீதிபதி மாநிலச் சட்டத்தையே பின்பற்றித் தீர்ப்பளிக்க வேண்டும் என்று 1938இல் ஈரி ரயில்வே வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. விவாகரத்து, உயில் போன்றவற்றை, மாநிலங்கள் வேறாயினும், ஃபெடரல் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

இந்த எல்லையை இரு தரப்பும் சேர்ந்து சம்மதித்தாலும் தளர்த்த முடியாது. 1804இல் கேப்ரன் என்பவர் தாமே தொடுத்துத் தோற்ற வழக்கில், அந்த நீதிமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று தாமே வாதிட, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுத் தீர்ப்பை நீக்கிவிட்டது.