கண்மணியைச் சுரண்டலாமா?

அன்புள்ள ஐயா,

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்குப் போயிருந்தபோது மேயர் வான் டென் பெர்க் அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். இயேசுவின் மார்பில் யோவான் சாய்ந்து தூங்கும் மரச்சிற்பத்தின் முன் கண் கலங்கிவிட்டது. வழிபாட்டில் இருந்த ஒன்றை ஒரு பணக்காரர் விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டது சரியா என்பதே என் கேள்வி. இன்னொன்று: அந்தப் பழைய சாயத்தைச் சுரண்டிவிட்டு மரத்தின் ரேகையைக் காட்டினால் இன்னும் அழகாக இருக்காதா? அறைகள் ஏன் அவ்வளவு இருட்டு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கண் கலங்கியதைச் சொல்லக் கூச்சம் வேண்டாம். அந்தச் சிற்பம் அதற்காகவே செய்யப்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், கான்ஸ்டன்ஸ் நகரத்து ஹைன்ரிக் என்ற சிற்பி ரைன் கரையிலிருந்த சங்க்ட் கத்தரினென்டால் கன்னியர்மடத்துக்காக வால்நட் மரத்தில் செதுக்கியது. செய்தவரே அதைக் கண்டு வியந்தார் என்று மடத்துச் சகோதரிகள் எழுதிவைத்தார்கள்.

ஃபிரிட்ஸ் மேயர் வான் டென் பெர்க் மேல் கோபம் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் மடங்கள் மூடப்பட்டு, உள்ளே இருந்தவை கடைக்கு வந்தன, அவர் வாங்கினார். 1901இல் 43 வயதில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். தாய் ஹென்ரியெட் வீடு கட்டி, சேகரிப்பை அதில் வைத்து 1904இல் திறந்தார். இதற்கு மேல் அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

சுரண்டலாம் என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. பழையது என்றால் பழுப்பு மரம் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டு வரவேற்பறைகளில் பிறந்தது. அந்த ருசிக்காக எத்தனையோ புனிதர்களைக் காஸ்டிக் சோடாவில் முக்கி எடுத்து, மெழுகு பூசி விற்றார்கள்.

இடைக்காலச் சிற்பி மரத்தோடு வேலையை முடிப்பதில்லை. மரம் காயும்போது அதன் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. முழுத் தடி வெடித்துவிடும் என்பதால் முதுகைக் குடைந்துவிடுவார்கள். பிறகு சூடான வச்சிரப்பசை. இணைப்பிலும் கணுவிலும் லினன் துணி. அதன்மேல் பசையில் குழைத்த சீமைச் சுண்ணாம்பு, பல பூச்சு. தங்கம் வரும் இடத்தில் செங்களிமண், அதன்மேல் தங்க ரேக்கு, நாய்ப்பல்லாலோ அகேட் கல்லாலோ மெருகு. தஞ்சாவூர் ஓவியம் செய்பவருக்கு இதில் பாதி புரியும். கடைசியில் முகத்துக்குச் சதை நிறம்.

சுண்ணாம்புப் பூச்சு கனமானது. உளி விட்ட கூர்மை அதில் மழுங்கும் என்று தெரிந்தே செதுக்குவார்கள். இமையும் உதட்டோரமும் தலைமயிரின் நுணுக்கமும் பெரும்பாலும் பூச்சிலேயே உருவாகும். கண்மணியைத் தூரிகைதான் வைக்கும். காரத்தில் முக்கினால் அதெல்லாம் போய்விடும், காரம் நாருக்குள் தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மிஞ்சுவது கண் திறக்காத சிலை. கண்திறப்பு என்றால் என்னவென்று தெரிந்த ஊர்க்காரர் நீங்கள் இப்படிக் கேட்கலாமா?

ஜெர்மன் சிற்பி ரீமன்ஷ்னைடர் மரத்தை வண்ணம் பூசாமல் வெறுமையாக விடவில்லையா என்பீர்கள். விட்டார். ஆனால் அந்தச் சிற்பங்களிலும் கண்மணிக்கும் உதட்டுக்கும் நிறம் உண்டு. 1492இல் ம்யூனர்ஷ்டாட் ஊர்த் தேவாலயத்துக்கு அவர் முடித்த பலிபீடச் சிற்பங்களைப் பத்துப் பன்னிரண்டு வருடத்திலேயே அந்த ஊர்க்காரர்கள் ஃபைட் ஷ்டோஸ் என்ற இன்னொரு சிற்பியை வைத்து வண்ணம் பூசச் செய்தார்கள்.

சாயம் பொரிவதற்கு வயது மட்டும் காரணம் அல்ல. குளிர்காலத்தில் வெளிக்காற்றை அப்படியே சூடாக்கினால் அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். மரம் குறுக்கே சுருங்கும், சுண்ணாம்பு சுருங்காது. இடம் போதாமல் ரேகையின் போக்கில் கூரைபோல மடிந்து எழும்பி உதிரும். சூடு காணாத தேவாலயத்தில் ஐந்நூறு வருடம் தாங்கிய பூச்சு, ஹீட்டர் வைத்த சில குளிர்காலங்களில் கொட்டிவிடலாம். சரிசெய்ய, ஸ்டர்ஜன் மீன் பசையை நீர்க்கக் காய்ச்சி விளிம்பில் விட்டு, மெல்லிய ஜப்பானியத் தாள் வைத்து, இளஞ்சூட்டுக் கரண்டியால் அழுத்துவார்கள். விரற்கடை விரற்கடையாக. பிறகு ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டித் தடுமாறாமல் வைத்திருக்க வேண்டும்.

இருட்டு என்றீர்கள். பெரும்பாலும் பழைய கையெழுத்து ஏடுகளுக்காக, அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தான் அனுமதி. இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். அதற்குள் அடுத்த அறைக்கு ஓடாதீர்கள்.