வெசலா, சி-எச்ஆரா, எக்ஸ்-ட்ரெயிலா? முதலில் வாகனத்துக்குக் கீழே பாருங்கள்

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். கார் தாழ்வாக இருக்கிறது, வான் பெரிதாக இருக்கிறது, நடுவில் கொஞ்சம் உயரமாக, பிள்ளைகளும் அம்மாவும் சாமானும் சேர்ந்து போகக்கூடிய ஒரு குடும்ப வாகனம் வேண்டும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். விலை எதையும் எழுதவில்லை, இன்று எழுதினால் அடுத்த கிழமை பிழையாகிவிடும்.

அண்ணா, 2015 ஹொண்டா வெசல் ஹைபிரிட்டும் 2017 ரொயோட்டா சி-எச்ஆர் ஹைபிரிட்டும் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டு பிள்ளைகள், முழங்கால் வருத்தமுள்ள அம்மா. எதை எடுக்கலாம்? – உப்புவெளி

தங்கச்சி, எஞ்சினை மட்டும் பார்த்தால் சி-எச்ஆர். அதில் இருப்பது நான்காம் தலைமுறை பிரியஸில் வந்த அதே 1.8 லீற்றர் ஹைபிரிட், பழகிய சாமான், எந்தக் கராஜ்காரருக்கும் தெரியும். வெசலில் 1.5 லீற்றர் எஞ்சினோடு ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டி, அதாவது இரண்டு கிளச்சை வைத்துத் தானாகவே கியர் மாற்றும் கியர்பெட்டி. 2013 டிசம்பரில் அது சந்தைக்கு வந்து அடுத்த வருடத்துக்குள்ளேயே ஜப்பானில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை திருப்பி அழைத்து மென்பொருள் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கிளச்சுக்குப் பிடிக்காதது ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசல், பிறகு ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அக்சிலேற்றரிலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம். திருகோணமலையில் நெரிசல் என்று சொல்ல அனுராதபுரச் சந்தியைத் தவிர பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் நீங்கள் வாங்கப்போகும் வெசல் இதுவரை கொழும்பில் ஓடியதா இங்கே ஓடியதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். உவர்மலை ஏற்றத்துக்குக் கொண்டுபோய் பாதியில் நிறுத்தி, மெதுவாக எடுத்துப் பாருங்கள், ரிவேர்சிலும் ஏற்றிப் பாருங்கள். உதறினால், இழுத்து இழுத்துப் போனால், கியர் விழ யோசித்தால், காசைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்களுக்கு நான் சொல்வது வெசல்தான், அது அந்த உவர்மலை ஏற்றத்தில் பாஸானால். காரணம் அம்மா. சி-எச்ஆரின் பின் கதவு சின்னது, ஜன்னல் அதைவிடச் சின்னது, உள்ளே இருந்தால் பகலிலும் மழை இருட்டு. கதவின் கைபிடி ஜன்னலுக்குப் பின்னால் மேலே இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கு எட்டாது. கூரை பின்னால் சரிந்து வருவதால் அம்மா தலையைக் குனிந்து, காலை மடக்கி ஏற வேண்டும். டிக்கியும் வெசலில் ஏறக்குறைய 400 லீற்றர், சி-எச்ஆரில் 318. நிலத்திலிருந்து உயரம் வெசலில் 185 மில்லிமீற்றர் அளவு, சி-எச்ஆர் முன்சில்லு இழுவை என்றால் 140 தான், அதாவது பார்வைக்குத்தான் உயரம், உள்வீதிப் பள்ளத்தில் கார்தான். வெசலின் பின் இருக்கையின் அடிப்பலகையை மேலே மடக்கலாம், பிள்ளையின் சைக்கிளை நிமிர்த்தியே வைக்கலாம், இதை விற்கிறவர்களில் பாதிப் பேர் காட்டுவதில்லை. எதற்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டிலும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீடு கடற்கரையில் இருந்து நூறு யார் தூரம்கூட இல்லை. எந்த வாகனம் துருப் பிடிக்காது? – நிலாவெளி

துருப் பிடிக்காத வாகனம் எதுவும் இல்லை. எவ்வளவு கெதியாகப் பிடிக்கும், எங்கே பிடிக்கும் என்பதுதான் வித்தியாசம். ஆட்கள் கதவோரத்தையும் பொனட்டையும் தடவிப் பார்த்துவிட்டு “பொடி கிளீன்” என்கிறார்கள். அந்தத் துரு பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும், திருத்தலாம். காசைத் தின்கிற துரு கீழே இருக்கிறது. ஆகவே வாகனத்தை ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் தூக்கச் சொல்லுங்கள், டோர்ச்சோடு நீங்களும் கீழே போங்கள். முன்சில்லுகளைத் தாங்கும் இரும்புச் சட்டம், பின்பக்க அச்சு, ஷொக்கும் ஸ்பிரிங்கும் உட்காரும் கிண்ணம், பிரேக் எண்ணெய் போகும் மெல்லிய குழாய்கள், சைலன்சரின் மூட்டுகள். மேலாகப் பூத்த செந்நிறம் பரவாயில்லை. ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தட்டும்போது செதில் செதிலாக விழுந்தால், அல்லது தட்டும் ஓசை மந்தமாக வந்தால், விலை குறைத்தாலும் வேண்டாம்.

புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்து வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். விற்கப்போகிற கிழமை அடியில் பூச்சு அடிக்கிறவர் உங்களுக்காக அதைச் செய்யவில்லை. துருவுக்கு மேல் அடித்த பூச்சு ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து இன்னும் கெடுதல்தான் செய்யும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜப்பானிலிருந்து வந்த வாகனம் என்றால் அங்கே பனி விழும் பிரதேசத்தில் ஓடியதா என்று ஏலச் சீட்டில், அதாவது அங்கே ஏலத்தில் விற்கும்போது வாகனத்தின் நிலையை எழுதும் தாளில், பாருங்கள். பனிக்காலத்தில் அங்கே வீதிக்கு உப்புப் போடுவார்கள், ஹொக்கைடோ போன்ற இடத்து வாகனம் நிலாவெளிக்கு வரமுன்பே உப்புக் குளித்துவிட்டு வந்திருக்கும். சீட்டில் இருக்கும் படத்தில் எஸ் என்ற எழுத்து துருவைக் குறிக்கும், சி என்றால் அரிப்பு. எக்ஸ் இரண்டு இருந்தால் அந்தப் பாகம் ஏற்கனவே மாற்றப்பட்டிருக்கிறது.

வாங்கின பிறகு என்ன செய்வது? வாரம் ஒருமுறை அடியைக் கழுவுங்கள், ஆனால் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதனால் கழுவாதீர்கள். நிலாவெளிப் பக்கம் நிறையப் பேர் காலையில் வடிவாகக் கழுவித் துடைப்பதைப் பார்க்கிறேன், உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். பொனட்டைத் திறந்து ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகளையும் பாருங்கள், கடற்கரை வாகனத்தில் அது வெள்ளை பூத்து உதிரத் தொடங்கியிருக்கும். பற்றரியின் தரை வயர் சட்டத்தில் பூட்டியிருக்கும் இடமும் அப்படித்தான். காரணம் தெரியாமல் டாஷ்போட்டில் லைட் எரிகிறது என்று என்னிடம் வருகிற வாகனங்களில் அந்த ஒரு நட்டைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டியதோடு முடிந்த வேலைகள் கொஞ்ச நஞ்சமல்ல.

வெள்ளத்தில் நின்ற வாகனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? – மூதூர்

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்த பிறகு இந்தக் கேள்வி நாட்டின் எல்லாப் பக்கமும் வருகிறது, வரத்தான் வேண்டும். வெள்ளத்தில் நின்றதெல்லாம் வெள்ளம் வந்த ஊரிலேயே விற்கப்படுவதில்லை, வேறு மாவட்டத்துக்குப் போய் வேறு கதையோடு நிற்கும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வழமையாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். இருக்கைக்குக் கீழே தண்டவாளமும் அதன் ஆணிகளும் துருவா? மேலதிகச் சில்லு இருக்கும் குழியில் வண்டலா? கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கி மோந்து பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் இன்னும் நன்றாக மோந்து பாருங்கள். ஹைபிரிட் என்றால் இது விளையாட்டில்லை. வெசலின் பெரிய பற்றரி டிக்கித் தளத்துக்குக் கீழே, வேறு பலவற்றில் பின் இருக்கைக்குக் கீழே. கதவு வாசலைத் தாண்டித் தண்ணீர் ஏறியிருந்தால் இன்று ஓடும், அடுத்த மாரிக்கு முன்னே நின்றுவிடும். எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

2015 வாகனம், மீற்றரில் 62,000 தான். நம்பலாமா? – கந்தளாய்

நம்பலாம், நம்பாமலும் விடலாம், மீற்றரைக் கேட்டு வாகனம் வாங்காதீர்கள். ஏலச் சீட்டைச் சேஸி இலக்கத்தை வைத்து எடுக்கலாம், ஆனால் அது ஜப்பானை விட்டுக் கிளம்பிய நாள் வரைக்கும்தான் பேசும். இங்கே வந்த பிறகு ஓடியதை சேர்விஸ் பதிவுதான் சொல்ல வேண்டும். ரயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. 62,000 ஓடிய வாகனத்தில் மூன்றாவது செற் ரயர் ஏன் என்று கேளுங்கள். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங் வளையம், சாரதி இருக்கையின் வெளிப்புற விளிம்பு, இந்த மூன்றும் பொய் சொல்லாது, புதிதாக மாற்றியிருந்தால் அதுவே பதில்.

என்னைக் கேட்டால் ஒழுங்காக எண்ணெய் மாற்றிய 1,40,000 கிலோமீற்றர் வாகனத்தை, பதிவே இல்லாத 62,000-ஐ விட முன்னுக்கு வைப்பேன்.

நாங்கள் ஏழு பேர் நானா. நிசான் எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட் அல்லது மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் (வயர் செருகிச் சார்ஜ் ஏற்றும்) ஹைபிரிட், எது சரி? – கிண்ணியா

இரண்டும் சரியில்லை தம்பி, இரண்டிலும் ஐந்து இருக்கைதான். ஜப்பானிலிருந்து வந்த அந்தத் தலைமுறை எக்ஸ்-ட்ரெயிலில் மூன்றாவது வரிசை பெற்றோல் மாடலில்தான். 2013-இல் தொடங்கிய அவுட்லாண்டர் பிளக்-இன்னும் அப்படியே, மூன்றாவது வரிசை போக வேண்டிய இடத்தை மோட்டார் எடுத்துக்கொண்டுவிட்டது. விற்கிறவர் “பின்னுக்கு ஒரு சீட் போடலாம்” என்றால் சிரித்துவிட்டு வாருங்கள்.

பெற்றோல் எக்ஸ்-ட்ரெயிலின் மூன்றாவது வரிசையில் பெரியவர் ஒருவர் கொழும்பு வரை, அதாவது 260 கிலோமீற்றர் அளவு, இருந்து பார்த்தால் திரும்பி பஸ்ஸில்தான் வருவார். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அது போதும். அந்த வரிசையை நிமிர்த்தினால் டிக்கி இல்லை, அதையும் மறக்காதீர்கள். ஏழு பேரும் தினமும் சேர்ந்து போகிறீர்களா, அல்லது பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் மட்டுமா? பெருநாளுக்கென்றால் ஐந்து இருக்கை வாகனம் எடுங்கள், அந்த நாட்களில் ஒரு ரொயோட்டா கேடிஎச் வான் வாடகைக்குப் பிடியுங்கள். தினமும் என்றால் இந்த வகையே உங்களுக்கு இல்லை, நேரே வானைப் பாருங்கள்.

எக்ஸ்-ட்ரெயில் எதை எடுத்தாலும் சிவிடி (படிப்படியான கியர் இல்லாத தானியங்கிக் கியர்பெட்டி) எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேளுங்கள், “அது மாற்றத் தேவையில்லை” என்ற பதில் வந்தால் அது மாற்றப்படவில்லை என்று அர்த்தம். அவுட்லாண்டர் பிளக்-இன் மேல் ஆசை விடவில்லை என்றால் பற்றரியின் மிச்சக் கொள்ளளவை ஸ்கேனர் போட்டு எண்ணாகவே காட்டச் சொல்லுங்கள், ஆரம்ப மாடல்களில் புதிதில் 40 அம்பியர் மணி அளவு, 12 கிலோவாட் மணி. அது எவ்வளவு இறங்கியிருக்கிறதோ விலையும் அவ்வளவு இறங்க வேண்டும்.

குச்சவெளியில் மணல் வீதி. நான்கு சில்லு இழுவை வேண்டுமா?

வேண்டாம். ரயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, நிற்காமல் மெதுவாகப் போங்கள், தார் வீதி ஏறியதும் திரும்ப அடியுங்கள். இந்த வகை வாகனங்களின் நான்கு சில்லு இழுவை பனிக்கும் மழைக்கும் செய்தது, கடற்கரை மணலுக்கு அல்ல.

இப்போது இறக்குமதி திறந்துவிட்டது. பழையதுக்கு அலையாமல் புதியதே எடுத்தால் என்ன? – லிங்கநகர்

2020 மார்ச்சில் பூட்டி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திறந்தார்கள். நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் புதிதாகப் பெரிதாக ஒன்றும் வரவில்லை, அதனால்தான் பத்து வயது வெசல் கூட வாங்கின விலையைத் தாண்டி நிற்கிறது. அந்த அர்த்தத்தில் உங்கள் யோசனை தவறில்லை. பழையதற்குக் கொடுக்கும் காசில் பாதி வாகனத்துக்கு, மீதி தட்டுப்பாட்டுக்கு. ஆனால் புதியதிலும் நீங்கள் கொடுப்பதில் பெரும்பங்கு வரிதான், எஞ்சின் பெரிதாகப் பெரிதாக அது பாய்ந்து ஏறும். ஆகவே இன்று புதிதாக எடுப்பவர்களில் பலர் ஒரு அளவு இறங்கி ரொயோட்டா ரைஸ் மாதிரிச் சின்ன எஞ்சின் வாகனத்துக்குப் போகிறார்கள். நான்கு பேருக்கு ரைஸ் போதும். டிக்கியில் இரண்டு பெரிய பெட்டியும் ஒரு அரிசி மூட்டையும் என்றால் யோசிக்க வேண்டும்.

ஏஜென்டிடம் எடுப்பதா, தனியாக இறக்கினவரிடம் எடுப்பதா என்றும் கேட்டிருந்தீர்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாசியுங்கள், அதைக் காப்பாற்ற சேர்விஸுக்கு எந்த ஊர் போக வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு சேர்விஸுக்கும் ஒரு நாள் லீவும் கொழும்புப் பயணமும் என்றால் இரண்டாவது வருடமே நீங்கள் நிறுத்திவிடுவீர்கள், உத்தரவாதமும் அதோடு போய்விடும்.

மின்சார வாகனம்? பிவைடி அட்டோ 3 பார்க்கிறேன். – சீனக்குடா

வீட்டுக் கூரையில் சோலர் இருக்கிறதா? இருந்தால் நல்ல யோசனை, ஊருக்குள்ளேயும் தம்பலகாமம், கந்தளாய் வரையும் ஓடுகிறவருக்குச் செலவே தெரியாது. 60 கிலோவாட் மணிப் பற்றரி உள்ளது ஏசி போட்டுக்கொண்டு கொழும்புக்கு ஒரே மூச்சில் போய்ச் சேரும், ஆனால் மிச்சம் அதிகமிருக்காது. ஹபரணைப் பக்கம் இரவில் யானை நிற்கிற வீதியில் சார்ஜ் கணக்குப் பார்த்துக்கொண்டு ஓடுவது என் வயதுக்குச் சரிவராது. பகலில் போங்கள், குருநாகலில் ஒருமுறை ஏற்றுங்கள், எந்த சார்ஜரில் உங்கள் வாகனத்தின் பிளக் பொருந்தும் என்று கிளம்பமுன்பே பாருங்கள். பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார்களுக்கென்று வைத்த சில சார்ஜர்களில் அட்டோ 3-இன் பிளக் ஏறாது.

எல்லாம் பிடித்துவிட்டது, ஆனால் விற்பவர் பெயரில் பதிவுப் புத்தகம் இல்லை, ஓப்பன் பேப்பர் (பெயர் மாற்றாமல், பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட தாளோடு கைமாறுவது) என்கிறார். வாங்கலாமா? – பாலையூற்று

புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் நேரே வந்து கையெழுத்து வைக்கட்டும், அடையாள அட்டையோடு. நடுவில் இரண்டு கை மாறியிருந்தால் நடுவில் நடந்த எந்த விபத்தும் தண்டமும் யாருடையது என்று உங்களுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் அவர்களிடமிருந்து மிச்சக் கணக்கை எழுத்தில் எடுத்து, காசை நேரே அவர்களுக்கே கட்டுங்கள், விற்பவர் கையில் கொடுத்து “நீங்கள் கட்டிவிடுங்கள்” என்று விடாதீர்கள். சேஸி இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் புகைச் சான்றிதழும் இன்றைய தேதிக்குச் செல்லுமா என்று பாருங்கள். முற்பணம் கொடுத்தால் துண்டுக் காகிதமாக இருந்தாலும் பரவாயில்லை, வாகன இலக்கம், தொகை, எத்தனை நாளுக்குள் பெயர் மாற்றித் தருவார், தராவிட்டால் காசு திரும்ப வரும் என்பதை எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். கராஜில் தூக்கிப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்பவரிடம் அந்த முற்பணமும் கொடுக்க வேண்டாம்.