வேலையா, அம்மாவா? நடுவில் நிற்கும் நகைக் கடன்

கேள்வி: எனக்கு 43 வயது. கோவையில் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் சேர்ந்து நாலே கால் வருடம் ஆகிறது. கைக்கு 42,000 ரூபாய் வரும். கணவருக்கு 48,000, அதில் 27,000 வீட்டுக் கடன் தவணை. மகள் பத்தாம் வகுப்பு. போடியில் தனியாக இருக்கும் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கிறார். கோவைக்கு வர மறுக்கிறார். வேலையை விட்டுவிட்டு அங்கே போகவா, இங்கேயே இருக்கவா? பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 9 லட்சத்தை எடுத்து மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் மாதம் 9,000 எடுக்கலாம் என்கிறார்கள். தேனியில் கடை வைத்திருக்கும் தம்பிக்காக மூன்று வருடம் முன்பு என் 14 பவுனை 12% வட்டியில் 4 லட்சத்துக்கு அடகு வைத்தேன். வட்டி கட்டாமல், அதை அசலோடு சேர்த்து வருடா வருடம் திருப்பி வைக்கிறோம். தங்கம் ஏறியிருப்பதால் மேற்கொண்டு 3 லட்சம் வாங்கித் தரச் சொல்கிறான்.

பதில்: நீங்கள் கேட்டிருப்பது அம்மாவைப் பற்றி. ஆனால் கடிதத்தின் கடைசி மூன்று வரியில்தான் உங்கள் பணம் கரைந்துகொண்டிருக்கிறது.

மூன்று வருடமாக வட்டியாக ஒரு ரூபாய்கூட யாரும் கட்டவில்லை. ஒவ்வொரு முறையும் வட்டியை அசலோடு சேர்த்துப் புதுக் கடனாக எழுதியிருக்கிறீர்கள். 4 லட்சம் முதல் வருடம் 4.48, அடுத்து 5.02, இப்போது சுமார் 5.62 லட்சம். தங்கம் ஏறிக்கொண்டே இருந்ததால் அடகுக் கடைக்காரரும் கேட்கவில்லை, உங்களுக்கும் வலிக்கவில்லை. இதன்மேல் 3 லட்சம் வாங்கினால் வருட வட்டி மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். அதற்குச் சம்மதிக்கவே கூடாது.

தம்பியிடம் முகத்தை முறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. இப்போதைய கடனுக்கு மாதம் 5,600 வட்டியை அவர் கட்டட்டும். முடியாது என்றால் நகையை மீட்டு விற்றுவிடுங்கள். இன்றைய விலையில் பாதியளவு விற்றாலே கடன் அடைந்துவிடும். மகளுக்கு என்று வைத்த நகையாயிற்றே என்று மனம் பதறும், தெரியும். இப்படியே திருப்பித் திருப்பி வைத்தால், விலை இறங்குகிற வருடத்தில் அந்த மீதிப் பாதியும் ஏலத்துக்குப் போகலாம்.

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் விட்டுவிட்டால் தவணை போக மிஞ்சுவது 21,000. அதில் கோவையில் ஒரு குடும்பம், போடியில் ஒரு குடும்பம், நடக்காது. இன்னும் ஒன்பது மாதம் இருந்தால் ஐந்து வருடம் முடிந்து, கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்குத் தகுதி வரும். அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 26,000 என்று வைத்தால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வருடத்துக்கு 15,000. ஐந்து வருடத்துக்கு 75,000. இப்போது ராஜினாமா செய்தால் அது போச்சு.

அதற்காக அம்மாவைத் தனியே விடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முழுதாகப் போவது, போகாமலே இருப்பது என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறீர்கள். சம்பளமில்லா விடுப்பு கேட்டீர்களா? இரண்டு மாதம் எடுத்தால் 84,000 நஷ்டம்; பெரிய தொகைதான், ஆனால் வேலையை விட்டால் வருடத்துக்கு 5 லட்சம் போகும். அனுமதி பெற்ற விடுப்பு பணித் தொடர்ச்சியை முறிக்காது. அந்த இரண்டு மாதத்தில் அம்மா தானாக பாத்ரூம் போய் வருகிறாரா, ராத்திரிக்கு ஆள் வேண்டுமா, பகலுக்கு மட்டும் போதுமா என்பது தெரிந்துவிடும். இப்போது அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமல் எப்படி முடிவெடுப்பது? மகளின் பரீட்சை மாதங்களைத் தவிர்த்து விடுப்பைப் போடுங்கள்.

மாதம் 9,000 கதையை நம்பி பி.எஃப்.பைத் தொடாதீர்கள். 9 லட்சத்தில் வருடம் 1.08 லட்சம் எடுப்பது 12%. 2020 தொடக்கத்தில், இந்த ஃபண்டுகள் பணம் போடும் பங்குச் சந்தை இரண்டே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அப்படி 9 லட்சம் 6 ஆன நேரத்திலும் அதே 9,000-ஐ எடுத்தால் அது 18% ஆகிவிடும், போட்ட முதலே தேயும். 2024-25க்கு பி.எஃப். கொடுத்த வட்டி 8.25%. அது அங்கேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. தேனியிலிருந்து போடி 15 கிலோமீட்டர்தான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள உங்கள் கணக்கில் நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கிறீர்கள். உங்கள் நகையில் கடை நடத்தும் தம்பி அதில் இல்லவே இல்லை. மேல் பணம் கேட்டு அவர் அடுத்த முறை அழைக்கும்போது, அம்மாவிடம் வாரத்தில் எந்த நாள் வருவார், பகல் ஆளுக்கான சம்பளத்தில் எவ்வளவு தருவார் என்று முதலில் கேளுங்கள்.