பழைய சாமான்களோடு வந்த ராணுவப் பதக்கத்தை உரியவர் குடும்பத்திடம் சேர்ப்பது எப்படி?

முதலில், எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பாக்கிப் பார்க்கும் ஆசை எனக்கும் வந்தது. ஆனால் உங்களுக்கு வேண்டிய தடயம் பதக்கத்தின் விளிம்பில்தான் இருக்கும், அதுவும் மிக லேசான எழுத்தில். பிராசோ போட்டு நாலு தடவை தேய்த்தால் அது மங்கிவிடும்.

நான் மலேசியாவின் பட்டர்வொர்த்காரன். பழைய காசு சேர்க்கும் பைத்தியம் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில், அடியில் நாலைந்து செப்புக்காசு தெரிந்த ஒரு பிஸ்கட் டின்னை 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மற்றபடி டின் நிறையச் சட்டைப் பொத்தான்கள். வீட்டில் கொட்டியபோதுதான் பதக்கம் விழுந்தது. ஒரு பக்கம் எலிசபெத் ராணியின் தலை. ஊதா ரிப்பன், அதன் நடுவில் பச்சைக் கோடு. ரிப்பனுக்குக் குறுக்கே 'மலாயா' என்று ஒரு வெள்ளிப் பட்டை.

அது பிரிட்டிஷார் கொடுத்த பொதுச் சேவைப் பதக்கம். 1918 முதல் 1962 வரை பல நாட்டுச் சண்டைகளுக்கும் ஒரே பதக்கத்தைத்தான் கொடுத்தார்கள், பட்டையில் இருக்கும் பெயர் மட்டும் மாறும். மலாயா என்று இருந்தால் நம் அவசரகாலம், அதாவது 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த சண்டை. ராணி தலை இருந்ததால் 1952க்குப் பிறகு அடித்தது என்று தெரிந்தது. அதற்கு முன்னால் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இருப்பார்.

விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எண், பதவி, பெயர், படைப்பிரிவு. ஃபெடரேஷன் ரெஜிமெண்ட். மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்கள் மட்டும்தான் சேரலாம். எல்லா இனத்தாரும் சேரும்படி 1952ல் தொடங்கியது இது. பெயர் தமிழ்ப் பெயர். அதைப் பார்த்ததும் வந்த பரபரப்பில் அன்று மத்தியானம் நான் சாப்பிடவே இல்லை.

எல்லாப் பதக்கத்திலும் பெயர் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போர் பதக்கங்களில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டார் போன்றவற்றைப் பெயர் பொறிக்காமலே அனுப்பினார்கள், இந்திய ராணுவத்தாருக்குக் கொடுத்தவற்றில் பொறித்தார்கள். வெறும் ஸ்டார் மட்டும் கிடைத்தால் கூடவே காகிதமோ பெட்டியோ இருந்தால்தான் வழி. உலகப் போர்களில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடலாம். தைப்பிங் கல்லறையில் இருப்பவர்களும் அதில் உண்டு, பலருக்குப் பெற்றோர் பெயரும் இருக்கும். உயிரோடு திரும்பியவருக்கு அது உதவாது.

என் ஆள் திரும்பியவர். ஃபேஸ்புக்கில் படம் போட்டேன், எண்ணையும் படைப்பிரிவையும் விரலால் மறைத்து. இதை நீங்களும் செய்யுங்கள். இரண்டு 'பேரன்கள்' வந்தார்கள், எந்தப் படைப்பிரிவு என்று கேட்டதும் காணாமல் போனார்கள். மூன்றாமவர் நேரடியாக விலையே பேசினார். ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன், அப்பா பெயர் வேண்டும் என்றார்கள். விளிம்பில் அப்பா பெயருக்கு எங்கே இடம்? அதோடு, அந்தக் காலத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. ஒரு ராமசாமியையே நாலு விதமாக எழுதியிருப்பார்கள்.

வழி டின்னுக்குள்ளேயே இருந்தது. அடியில் விரித்திருந்த காகிதத்தைக் காசு தேடிப் பிரித்தால், அது தெற்குக் கெடாவில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலின் நன்கொடை ரசீது. தோட்டம் இப்போது இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. கோயில் மட்டும் சாலையோரம் நிற்கிறது. வெள்ளிக்கிழமை பூசைக்குப் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே, "இங்கேருந்து பட்டாளத்துக்குப் போனவங்க யாராவது?" என்றேன்.

"அட, பட்டாளத்தார் வீடா? நாலாவது லயம். இப்போ மக இருக்காங்க, உங்க ஊர்லதான்" என்றார் ஒரு பெரியவர்.

பதிவுப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று, தோட்டமே கூப்பிடுவது ஒன்று. நான் முதல் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் அலைந்திருக்கிறேன். அதனால் தமிழ்க் குடும்பம் என்று தெரிந்தால், எண்ணையும் பெயரையும் காட்டுவதற்கு முன்னால் ஊர்க்காரர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

அந்த அக்கா என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஓர் அடுக்குமாடியில் இருந்தார். போனில், "உங்க அப்பாவோட பதக்கம் ஒண்ணு என்கிட்ட இருக்கு, வேணுமான்னு கேட்கத்தான்" என்று மட்டும் சொன்னேன். கொண்டுவந்து கையில் திணித்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது, அது சரியாகவும் போயிற்று. வரச் சொன்னார். அப்பாவின் பழைய ராணுவப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். எண் பொருந்தியது. ஆனால் பதக்கத்தைத் தொடவில்லை.

"அப்பா இதைப் போட்டு நான் பார்த்ததே இல்ல தம்பி. அப்பா காட்டுக்குள்ள ரோந்து போன காலத்துல அவரோட சொந்தத் தம்பி எதிர்ப்பக்கம் இருந்தாராம். வீட்ல அதைப் பத்திப் பேச மாட்டாங்க. அம்மா எங்கேயோ போட்டு வச்சிருந்தாங்க."

"பொத்தான் டின்னுல இருந்துச்சுக்கா."

சட்டென்று நிமிர்ந்தார். "எந்த டின்னு? மூடியில மயில் போட்டதா?"

ஆமாம், மயில்தான். வீடு மாறும்போது யாரோ தெரியாமல் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்களாம். அம்மா அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டுதான் எல்லோர் சட்டைக்கும் பொத்தான் தைப்பாராம். அதுவரை கலங்காத கண் அப்போதுதான் கலங்கியது. பதக்கத்தை அக்காவின் மகன் வாங்கி மேசையில் வைத்தான். அக்கா கேட்டது டின் எங்கே என்று.

அது என் வீட்டில், ஆணி போட்டு வைக்கும் டின்னாக இருந்தது. அன்று இரவே ஆணிகளைக் கொட்டிவிட்டு, துடைத்து, பொத்தான்களைத் திரும்ப நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பொத்தான் மட்டும் குறையும். என் சட்டையில் தைத்துப் போட்டுக்கொண்டு போயிருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.