வாசகர் கேள்வி – பதில்: நாரை வராத கண்மாய்

கேள்வி: நல்ல மழைக்காலத்தில் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் மரம் தெரியாத அளவுக்கு நத்தைகுத்தி நாரைகள் அடைகின்றன. மழை பொய்த்த ஆண்டில் ஒன்றையும் காணோம். தட்பவெப்ப மாற்றத்தால் இந்த இனம் அழிந்துவருகிறதா?
– வாசகி, திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்)

பதில்: ஒரு கண்மாய் வெறிச்சோடிப் போனதை வைத்து இனம் அழிகிறது என்று முடிவுகட்ட இயலாது. ராஜஸ்தானின் பரத்பூரில் காலில் அடையாள வளையம் இடப்பட்ட ஒரு நத்தைகுத்தி, அங்கிருந்து கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தொலைவில் மீண்டும் அகப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் கண்மாயில் இல்லாத நாரை, தண்ணீர் நிற்கும் வேறொரு கண்மாயில் கூடு கட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்த நாரையின் காலக்கணக்கே மழைதான். கோடையில் சேற்றுக்குள் புதைந்து, ஓட்டின் வாயை மூடிக்கொண்டு கிடக்கும் அதன் முக்கிய இரையான ஆப்பிள் நத்தை, மழைநீர் நிறைந்ததும் வெளியே வருகிறது. மூடிய பின்னும் நடுவில் இடைவெளி விட்டிருக்கும் நாரையின் அந்த வினோதமான அலகு, நத்தையின் சதையை வெளியே இழுத்தெடுக்கப் பயன்படுகிறது. முட்டை பொரிய ஏறத்தாழ 4 வாரமும், குஞ்சு பறக்க அதற்குமேல் 5 வாரமும் ஆகும் என்பதால், கூடு கட்டியது முதல் இரண்டரை மாதமாவது கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குள் வற்றினால் இரை குறைவதோடு, கருவேல மரத்தைச் சுற்றி அகழிபோல் நின்ற நீரும் போய், பூனையும் கீரியும் நடந்தே கூட்டை நெருங்கிவிடுகின்றன. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. வானத்தை மட்டுமே நம்பியிருக்கும் கண்மாய்களில் அத்தகைய ஆண்டில் கூடு கட்டாமல் விலகிப்போவதுதான் பறவைக்குப் புத்திசாலித்தனம்.

நாட்காட்டிபோல் தேதி பார்த்து வரும் பறவைகளின் பாடு இதைவிட மோசம். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு நெதர்லாந்துக்குத் திரும்பும் ஒருவகை ஈப்பிடிப்பான், பகலின் நீளத்தைக் கணக்கிட்டே புறப்படுகிறது. அங்கோ வசந்தம் முந்திக்கொண்டதால், அது குஞ்சு பொரிக்கும்போது கம்பளிப்புழுக்களின் பருவம் முடிந்துவிடுகிறது. புழுக்கள் மிகவும் முந்தித் தோன்றிய காடுகளில் அந்தப் பறவை இருபது ஆண்டுகளுக்குள் சுமார் 90 விழுக்காடு குறைந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. நத்தைகுத்திக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் இடம் மாறிப் பிழைக்கும் உத்தி பலிக்க, மாறிப்போவதற்கு இன்னொரு கண்மாய் வேண்டுமே. வரத்துக்கால் அடைபட்ட கண்மாயில் எத்தனை மழை பெய்தாலும் நீர் நிற்பதில்லை. கூடு தாங்கும் நாட்டுக் கருவேலத்தை வெட்டிவிட்டால், நீர் இருந்தும் பயனில்லை. என்னைக் கேட்டால், நீங்கள் அடுத்தமுறை போகும்போது பெரிய பறவைகளை எண்ணுவதைவிட, ஒரு மரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து எத்தனை குஞ்சுகள் பறந்தன என்று எண்ணுங்கள்.

கேள்வி: எல்லாம் குறைகிறது என்கிறீர்கள், எங்கள் கடலைக் கொல்லையில் மயில் மட்டும் பெருகுவது ஏன்?
– வாசகர், கல்லல்

பதில்: எல்லாம் குறைகிறது என்று நான் சொல்லவில்லை. மயில் வறண்ட புதர்நிலத்துப் பறவை. தரிசும் முள்காடும் அதற்குத் தோதானவை. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைகளைக் கணக்கெடுத்த பறவையியலாளர் சாலிம் அலி அங்கே மயிலைக் காணவில்லை. இன்று கேரளத்தின் பல மாவட்டங்களில் அது சாதாரணமாகத் தென்படுகிறது. விதைப்பு நேரத்தில் காவல் இருப்பதே உங்களுக்கு வழி. விஷம் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விஷம் கலந்த அந்தக் கடலையைக் காடையும் கவுதாரியும் கூடத் தின்னும்.