கடலுக்கு முன்னாடி ஒரு சேறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்க காரைக்குடி. லீவு விட்டா பிள்ளைங்க "கடல், கடல்"னு உயிரை எடுக்குதுங்க. ராமேஸ்வரம் போனா கூட்டம், வண்டி நிறுத்தவே இடமில்ல. மெதுவா நடந்து போயி கடலைப் பாக்குற மாதிரி பக்கத்துல ஏதாவது இருக்கா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இருக்கு, ஆனா ஒரு கண்டிஷன், கடலைப் பாக்கணும்னு அவசரப்படக் கூடாது. தேவகோட்டை, திருவாடானை தாண்டி தொண்டி போயி, அங்கேருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில தெக்கே தேவிபட்டினம் பக்கமா திரும்புங்க. வழியில காரங்காடுன்னு ஒரு மீனவ ஊர் வரும், உப்புத்தண்ணிச் சேத்துல வளர்ற அலையாத்தி மரக் காடு உள்ள ஊர், வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து படகு விடுறாங்க. முக்காவாசிப் பேரு படகுல ஏறி நாலு போட்டோ எடுத்துட்டு திரும்பிருவாங்க. படகும் நல்லாத்தான் இருக்கும். ஆனா நான் சொல்றது நடை. அந்த ரோட்டுல மீன்காரங்க கடலுக்குப் போற மண்பாதை அங்கங்க பிரியும், ஊர்க்காரங்க யாரையாவது கேட்டுக்கிட்டு, முடிஞ்சா ஒருத்தரைக் கூடவே கூட்டிக்கிட்டு எறங்குங்க.

மொதல்ல நம்ம ஊர் மாதிரியே சீமைக்கருவேலம். பத்து நிமிஷம் நடந்தா அது குட்டையாயி, அப்புறம் காணாமப் போயிரும். தரை வெள்ளையாப் பூத்துக் கெடக்கும், மிதிச்சா அப்பளம் மாதிரி நொறுங்கும், அது உப்பு. அதுக்கப்புறம் உமரி, கணுக்கால் உயரத்துல குண்டு குண்டா இலையோட. மழை முடிஞ்ச சமயத்துல பச்சையா இருக்கும், தண்ணி வத்தி மண்ணுல உப்பு ஏற ஏற செவந்துரும், நாங்க போனது பிப்ரவரி கடைசி, யாரோ செட்டிநாட்டுக் கண்டாங்கியக் காயப்போட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஓடை, ஓடைக்கரையில அலையாத்தி. கடைசியாத்தான் மணல், அதுல ராவணன் மீசைங்கிற புல்லு குத்தும், அடப்பங்கொடி ஊதாப் பூ பூத்திருக்கும், அதையும் தாண்டுனா கடல். எல்லாம் சேர்த்து ரெண்டு கிலோமீட்டர்கூட இருக்காது, எங்களுக்கு ரெண்டரை மணி நேரம் ஆச்சு.

கடல் வந்ததும் பிள்ளைங்க கொஞ்சம் ஏமாறும், இப்பவே சொல்லிவைங்க. பாக் ஜலசந்தி அலையடிக்காத கடல், பெண் கடல்னு அந்தப் பக்கம் சொல்வாக, மன்னார் வளைகுடா ஆண் கடலாம். ரொம்ப தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணிதான், அதுக்காக தெரியாத இடத்துல பிள்ளைங்கள விட்டுட்டு ஓரமா உக்காந்துராதீங்க.

கேள்வி: அந்த மாதிரி எடத்துல ஒரே முட்டை அழுகுன நாத்தம். சாக்கடையக் கலக்குறாங்களோ?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: சாக்கடை கலக்குற எடமும் இருக்கலாம், இல்லைங்கல. ஆனா நீங்க சொல்ற வாடை அந்தச் சேத்தோட சொந்த வாடை. களிச்சேறு ரொம்ப நெருக்கமா இருக்கும், விரக்கடைக்குக் கீழ காத்தே போகாது. காத்தில்லாம வாழுற பாக்டீரியா கடல் தண்ணியில உள்ள சல்பேட்ட வச்சுப் பொழைக்குது, அதுல வர்ற வாயுதான் ஹைட்ரஜன் சல்பைடு. ஒரு குச்சியால கீறிப் பாருங்க, மேல பழுப்பு, உள்ள மை மாதிரி கறுப்பு. அந்தக் காத்தில்லாத மண்ணுல நிக்கணும்னுதான் அலையாத்தி வேரை மேல நீட்டி மூச்சு விடுது, பென்சில நட்டுவச்ச மாதிரி நூத்துக்கணக்குல நிக்கும் பாருங்க, அதை மிதிக்காம நடங்க.

அதே மரத்து இலையத் திருப்பி நாக்கை வச்சுப் பாத்தா கரிக்கும், வேண்டாத உப்பை இலை வழியா வெளிய தள்ளிரும். ஆனா எது அலையாத்தின்னு தெரிஞ்ச ஆள் காட்டுனாத்தான் நக்கணும். பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கம் தில்லை மரமும் இருக்கு, அது பால் கண்ணுல பட்டா பார்வையவே கெடுத்துரும்.

கேள்வி: எங்க அப்பத்தாவுக்கு 74 வயசு, நானும் வருவேன்னு ஒரே அடம். கூட்டிட்டுப் போலாமா? என்ன செருப்பு போடணும்?
– கல்லூரி மாணவி, கானாடுகாத்தான்

பதில்: தாராளமா. ஆனா மண்பாதை வரைக்குந்தான், சேத்துல எறக்காதீங்க. மடக்கு நாற்காலி ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, ஓடைக்கரையில ஒரு எடம் பாத்து உக்கார வச்சுருங்க, அவங்கதான் உங்களவிட அதிகமாப் பாப்பாங்க. அசையாம இருந்தா அஞ்சு நிமிஷத்துல நண்டு வளைய விட்டு வெளிய வரும். ஆம்பள நண்டுக்கு ஒரு கை மட்டும் ஒடம்பு அளவுக்குப் பெருசு, அதை மேலயும் கீழயும் ஆட்டி பொம்பள நண்டைக் கூப்பிடும், பந்தியில "இங்க வாங்க, இங்க வாங்க"ன்னு கூப்புடுற மாமா மாதிரியே. சாப்புடுறது இன்னொரு சின்னக் கையால, சேத்தை அள்ளி வாயில போட்டு, சத்தை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தக் குட்டி உருண்டையா வெளிய வச்சுரும், அந்த உருண்டைங்க வளையச் சுத்தி சீடை காயுற மாதிரி கெடக்கும்.

செருப்பு விஷயத்துல நான் பட்டதச் சொல்றேன். ரப்பர் செருப்போட ஓடையில எறங்குனேன், முழங்கால் வரைக்கும் போயிருச்சு, பயந்து காலை இழுக்க இழுக்க செருப்பு உள்ளயே நின்னுருச்சு. கரையில வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு அம்மா சிரிச்சுட்டு, "ஏத்தா, செருப்போட யாராச்சும் கழியில எறங்குவாகளா? குதிகாலத் தூக்கி ஆட்டி ஆட்டி எடு, நேரா இழுக்காத"ன்னாங்க. கால் வந்துச்சு, செருப்பு வரல. இன்னும் அங்கதான் இருக்கும். பழைய கேன்வாஸ் ஷூ, கயித்தை இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போங்க, தண்ணி கூடவே வச்சுக்கங்க, அங்க நிழலே கெடையாது.

கேள்வி: கரையோரம் நாடா மாதிரி ஏதோ காஞ்சுபோயி குமிஞ்சு கெடக்கே, குப்பையா?
– ஏழாம் வகுப்பு மாணவன், பள்ளத்தூர்

பதில்: இல்ல தம்பி, அது கடல்புல். பாசி இல்ல, நெசமாவே பூ பூக்குற செடி. ஆவுளியான்னு கடல்பசு ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு இதுதான் சாப்பாடு, நாளைக்கு 30 கிலோவுக்கு மேல திங்கும். அதைக் காப்பாத்தத்தான் 2022ல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்துல 448 சதுர கிலோமீட்டரை அரசு காப்பகமா அறிவிச்சுச்சு, இந்தியாவுல அதுதான் முதல் கடல்பசு காப்பகம். ஆவுளியாவப் பாத்துரலாம்னு போகாத, பாக்கவே முடியாது. குமியலுக்குள்ள கையவிட்டா சின்னச் சின்ன சிப்பி கெடைக்கும், அது போதும்.

கேள்வி: உமரியச் சமைக்கலாம்னு ஒருத்தங்க சொன்னாங்க, உண்மையா?
– ஒரு வாசகி, புதுவயல்

பதில்: உண்மைதான், கடலோரத்துல சமைக்கிறதுதான். வனத்துறை எல்லைக்குள்ள பறிக்காதீங்க, ஊர்ல கேட்டா பறிச்சுத் தருவாக. கொழுந்தா எடுத்து அலசி, நல்லா வேகவச்சு தண்ணிய வடிச்சுருங்க, தேவைப்பட்டா இன்னொரு தடவையும். அப்புறம் வெந்த பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், வரமிளகா தாளிச்சு தேங்காய்ப்பூ தூவி எறக்கலாம். நான் மொதத் தடவ கைப்பழக்கத்துல உப்பைப் போட்டுட்டேன், வீட்டுல யாரும் வாயில வைக்கல. நீங்க போட்டுராதீங்க.