தூள் பெட்டி ரொறன்ரோ போய்ச் சேரும்வரை காசு எங்கே நிற்கிறது?

கேள்வி: கொக்குவிலில் வீட்டோடு சேர்த்து ஒரு சிறிய மில் வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத் தூள், ஒடியல் மா, வேப்பம்பூ வடகம் செய்கிறோம். இதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துபோகிற சொந்தக்காரர்களின் பெட்டியில்தான் சாமான் போனது. இப்போது ரொறன்ரோவில் ஒரு கடைக்காரர் மாதம் 300 கிலோ தூள் கேட்கிறார். பெரிய கம்பனிகள் உலகளாவிய விநியோகச் சங்கிலியை வைத்தே லாபம் பார்க்கின்றன என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? - ஒரு வாசகி

பதில்: இருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மூலப்பொருளிலிருந்து வாங்குபவர் கைவரை நாடு நாடாகச் சாமான் போகிற அந்த உலகச் சங்கிலிக்குள் நீங்கள் புதிதாக நுழையப் போவதில்லை. நீங்கள் வறுக்கிற செத்தல் மிளகாய் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். இலங்கைக்கு வேண்டிய செத்தலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் இறக்குமதியாகிறது. சங்கிலியின் நடுவில் ஏற்கனவே நிற்கிறீர்கள். இப்போது மற்றப் பக்கமும் நீளப் போகிறது.

கருத்தரங்குகளில் இதைக் கப்பல், கொள்கலன், கிடங்கு என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படத்தில் காசு தெரியாது. பெரிய கம்பனிகள் கெட்டித்தனம் காட்டுவதோ அந்தக் காசில்தான். கணினி விற்ற டெல் கம்பனி 1990களில் வாடிக்கையாளரிடம் முதலில் காசை வாங்கிக்கொண்டு, பிறகு பாகங்களைப் பொருத்தி, பாகம் கொடுத்தவர்களுக்கு அதற்கும் பிறகுதான் காசு கொடுத்தது. அடுத்தவர் காசில் தொழில் ஓடியது. 1998இல் ஆப்பிள் கணினிக் கம்பனிக்கு உற்பத்தி, விநியோகப் பொறுப்பாளராக வந்த டிம் குக் செய்த முதல் வேலைகளில் ஒன்று, வாரக்கணக்கில் கிடங்கில் கிடந்த சரக்கைச் சில நாள் அளவுக்குக் குறைத்தது. கிடங்கில் தூங்குகிற கணினி ஒவ்வொரு வாரமும் விலை குறையும். தூளும் அப்படித்தான், ஒவ்வொரு வாரமும் மணம் குறையும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஓடருக்கு 5 இலட்சம் ரூபா முதலீடு என்று வையுங்கள். செத்தல், மல்லி, பெருஞ்சீரகம் வாங்கிக் காயவைத்து, வறுத்து, அரைத்து, பைக்கற் போட 12 நாள். கொழும்புக்கு லொறியில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், அங்கே பத்திரங்களும் கப்பலுக்கான காத்திருப்புமாக 8 நாள். கடலும் கனடாச் சுங்கமும் 40 நாள். சாமான் கைக்கு வந்து 30 நாளில் காசு தருவேன் என்கிறார் கடைக்காரர். மொத்தம் 90 நாள். அதற்குள் இரண்டாம், மூன்றாம் மாத ஓடரையும் வாங்கி அரைத்திருப்பீர்கள். முதல் ரூபா திரும்பி வருவதற்குள் 15 இலட்சம் வெளியே போயிருக்கும். லாபம் இருந்தும் தொழில் மூச்சுத் திணறுவது இந்த இடத்தில்தான்.

எங்கே வெட்டலாம்? கடைக்காரரிடம் பாதி முற்பணம் கேளுங்கள். மிளகாய் தருகிற மொத்த வியாபாரியிடம் ஒரு மாதக் கடன் பேசுங்கள். கிலோவுக்கு ஐந்து ரூபா குறைத்துக் கேட்பதைவிட இந்த இரண்டும் கூடுதலாகக் காப்பாற்றும். கடல் நாட்கள் உங்கள் கையில் இல்லை. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. ஐரோப்பா போகிற சரக்குக்குப் பத்து நாள், இரண்டு வாரம் கூடியது. அப்படி ஒன்று வந்தால் தாங்குகிற அளவுக்குக் கைக்காசு வேண்டும்.

வடகத்தைத் தூளோடு ஒரே கணக்கில் போட வேண்டாம். விமானச் சரக்கில் பெட்டியின் நிறையை மட்டும் பார்க்கமாட்டார்கள், அது அடைக்கிற இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள். அதுவும் உண்மை நிறையும், எது கூடவோ அதற்குக் கட்டணம். 60, 40, 40 அளவுப் பெட்டி என்றால் 16 கிலோ. அதில் வேப்பம்பூ வடகம் 9 கிலோதான் பிடித்தது என்றாலும் 16 கிலோவுக்குக் கட்ட வேண்டும், மிச்ச 7 கிலோ வெறும் காற்று. தட்டிப் போடுகிற வடகத்தின் அளவையும் பைக்கற்றின் வடிவத்தையும் மாற்றி அதே பெட்டியில் 13 கிலோ அடுக்க முடிந்தால் அது சுத்த லாபம். கட்டில் கதிரையைப் பிரித்துத் தட்டையான பெட்டியில் விற்கிற ஐகியா செய்வதும் இதைத்தான்.

தூளைக் கப்பலில், மற்றவர்களின் சரக்கோடு ஒரே கொள்கலனில் பங்கு போட்டு அனுப்பலாம். ஒரு சொந்த அனுபவம்: நான் கூடநின்று அனுப்பிய ஒரு தொகுதித் தூளை, பொதி சேர்ப்பவர் ஒருவர் கருவாட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தவர் தொலைபேசியில் சொன்னதை இங்கே எழுத முடியாது. என்ன சரக்கோடு சேர்த்துப் போடுகிறீர்கள் என்று முதலே கேளுங்கள். உள்பைக்கு அலுமினியத் தாள் போட்டதையே எடுங்கள்.

கனடாப் பக்கத்து விதிகளும் இருக்கின்றன. 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளின்படி, உணவை இறக்குமதி செய்பவரிடம் அனுமதிப்பத்திரம் வேண்டும். யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்ற பதிவும் வேண்டும். லேபலில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்தில் ஒரு கொப்பி போதும்: எந்த மூட்டைச் செத்தல், எந்த நாள் வறுத்தது, எந்தப் பைக்கற் இலக்கம். செத்தல் சரியாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அதிலிருந்து அஃபிளாடொக்சின் என்ற நஞ்சு வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய்க்கு அதன் மொத்த எல்லை கிலோவுக்கு 10 மைக்ரோகிராம்தான். நாளைக்கு லண்டனுக்கோ பாரிசுக்கோ அனுப்ப நினைத்தாலும் இதே கொப்பி உதவும். ஒரு மூட்டை பழுது என்றால் அந்த மூட்டையின் பைக்கற்றை மட்டும் திருப்பி எடுக்கலாம். கொப்பி இல்லாவிட்டால் அனுப்பிய எல்லாவற்றையும் எடுக்க வேண்டி வரும்.

இனி, கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. பைக்கற்றில் யாருடைய பெயர் வரப்போகிறது? மாதம் 300 கிலோ என்று மொத்தமாகக் கேட்பவர், அங்கே தன் பெயரில் பைக்கற் போடவும் கூடும். ஏசர் என்ற கணினிக் கம்பனியைத் தொடங்கிய ஸ்டான் ஷி 1992இல் ஒரு வளைகோடு வரைந்து காட்டினார்: வடிவமைப்பு ஒரு நுனி, விற்பனைப் பெயர் மறு நுனி, பொருத்தித் தருகிற வேலை நடுப்பள்ளம். காசு இரண்டு நுனிகளிலும்தான் கூடுதல். வறுக்கிற பக்குவமும் கறிவேப்பிலை போடுகிற அளவும் உங்களுடையவை, அந்த நுனி ஏற்கனவே கையில் இருக்கிறது. மற்ற நுனியை விட்டுக்கொடுத்தால் அரைத்துக் கொடுக்கிற கூலிதான் மிஞ்சும். முழுவதும் முடியாவிட்டால் பாதிச் சரக்காவது உங்கள் பெயரில் போகட்டும்.

அந்த 300 என்ற எண்ணிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. குழந்தைகளின் அணையாடை செய்கிற பி அண்ட் ஜி கம்பனி ஒரு விசித்திரத்தைக் கவனித்தது. குழந்தைகள் பயன்படுத்துவது வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் மொத்த வியாபாரிகளின் ஓடர் ஏறி இறங்கியது, கம்பனி தன் மூலப்பொருளுக்குப் போட்ட ஓடர் அதைவிட ஏறி இறங்கியது. ஒவ்வொரு கையும் பயத்தில் கொஞ்சம் கூட்டிக் கேட்கும். உங்கள் கடைக்காரரும் இரண்டு மாதம் 300 எடுத்துவிட்டு, றாக்கை நிரம்பியதும் நாலு மாதம் பேசாமல் இருக்கலாம். அவர் கேட்ட எண்ணை நம்பிப் புது மெசினுக்குக் கடன் எடுக்காதீர்கள். முதல் தடவை 100 கிலோ அனுப்புங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸப்பில் ஒரே கேள்வி: இந்த வாரம் எத்தனை பைக்கற் விற்றது? எட்டு வாரப் பதில் கையில் வந்த பிறகு அடுத்த மூட்டைச் செத்தலுக்குச் சொல்லுங்கள்.